சாம் பகதூரும் தர்மநகர் சாலையும்

கழக்கூட்டத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், காற்று இந்தப் பக்கம் அடிக்கும் காலை வேளைகளில் சைனிக் பள்ளியின் பேண்டு சத்தம் கேட்கும். அந்தப் பள்ளியில்தான் என் பேரன் படிக்கிறான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். லீவு நாட்களில் மட்டும் வந்து பாட்டியின் அடையையும் அவியலையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவான்.

2023 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "தாத்தா, சாம் பகதூர் படத்துக்குக் கூட்டிண்டு போங்கோ" என்றான். ஹிந்திப் படம். நான் கல்லூரி நாட்களில் பிரசார சபையில் பிராத்மிக், மத்யமா பாஸ் செய்தவன். அந்த மூலதனத்தை நம்பிக் கிளம்பினேன். புறப்படும்போது மருமகள் என்னைத் தனியாக அழைத்தாள். "அப்பா, இவன் என்.டி.ஏ. என்.டி.ஏ.னு பேசிண்டே இருக்கான். ஒத்தைப் பிள்ளை. நீங்க சொன்னா கேப்பான். வரச்சே மெதுவா எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு விமர்சனம் அல்ல. யுத்த காலத்தில் ஒரு தளபதியைப் பார்த்துச் சிப்பாய்கள் ஏன் உயிரைக் கொடுக்கத் துணிகிறார்கள், பின்னாளில் சினிமா அவரைப் பற்றி எதை நமக்குச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று எனக்குள் எழுந்த கேள்விகளே இதற்குக் காரணம். நான் பௌதிகப் பட்டதாரி. அரசாங்கத்தில் சிவில் சப்ளைஸ் இலாகாவில் 32 ஆண்டுகள் அரிசி, கோதுமை, மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்த்தவன். ராணுவ நிபுணன் அல்லேன். ஆனால் சரக்கு நகராவிட்டால் என்ன ஆகும் என்பது ஓரளவு தெரியும். அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன்.

பஞ்சாங்கத்துக்குள் போன படிவம்

முதலில் ஒரு சொந்தக் கதை. 1971இல் யுனிவர்சிட்டி காலேஜில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வலியசாலை அக்ரஹாரத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன். டிசம்பர் 3ஆம் தேதி யுத்தம் மூண்டது. தெருவில் ரேடியோ இருந்த வீடுகளின் திண்ணைகளில் கூட்டம். 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது என்ற செய்தி வந்தபோது, எதிர்வீட்டு வக்கீல் மாமா வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். மறுநாள் பத்திரிகைகளில் மானெக்ஷாவின் மீசையும் சரிந்த தொப்பியும். அந்த வாரமே ராணுவத்தில் குறுகிய காலப் பணிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கி வந்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா முழுதும் படித்தார். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு சந்தியாவந்தனத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 1973இல் பி.எஸ்.சி. மூலம் உத்தியோகம் கிடைத்தது. தியேட்டர் இருட்டில், 73 வயதில், அந்தப் படிவம் ஞாபகம் வந்தது.

மானெக்ஷா என்ற மனிதர்

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம் மானெக்ஷா 1914இல் அமிர்தசரஸில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். டேராடூன் ராணுவ அகாடமி 1932இல் தொடங்கியபோது அதன் முதல் அணியில் சேர்ந்தவர். 1942 பிப்ரவரியில் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியரோடு நடந்த சண்டையில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து விழுந்தார். பிழைக்க மாட்டார் என்று எண்ணிய மேலதிகாரி கோவன், தம் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினார். இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கொடுக்க விதி இடம் தராது என்பது காரணம். அவரைச் சுமந்துகொண்டு போய் டாக்டரிடம் சேர்த்தவர் அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங். பின்னாளில் பீல்டு மார்ஷல் ஆன மனிதர் ஒரு சாதாரணச் சிப்பாயின் தோளில் உயிர் பிழைத்தவர் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அவர் கதைக்கும் ஒரு விசித்திரத் தொடர்பு உண்டு. சைனிக் பள்ளிகள் திட்டம் 1961இல் தொடங்கியது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். கழக்கூட்டம் பள்ளி 1962இல் உருவானது. அந்தக் காலகட்டத்தில்தான் குன்னூரை அடுத்த வெலிங்டன் ஸ்டாப் காலேஜின் தலைவராக இருந்த மானெக்ஷா மீது விசாரணை நடந்தது. அமைச்சருக்கு அவரைப் பிடிக்காது. விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. 1962 அக்டோபர், நவம்பரில் சீன யுத்தத்தில் நாம் தோற்றோம். கிருஷ்ண மேனன் பதவி விலகினார். மனமுடைந்து பின்வாங்கி வந்த 4ஆவது கோரை நிமிர்த்த, தேஜ்பூருக்கு அனுப்பப்பட்டவர் மானெக்ஷா. எழுத்துமூலம் உத்தரவு இல்லாமல் இனி எவரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு ஒருபோதும் வராது என்று அங்கே அவர் சொன்னது ராணுவத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. சர்க்கார் ஆபீசில் காலம் கழித்த எனக்கு அதில் பிடித்தது "எழுத்துமூலம்" என்ற சொல். பழியைக் கீழே இருப்பவன் தலையில் போட மாட்டேன், பொறுப்பு என்னுடையது என்பதுதான் அதன் உட்பொருள்.

அவர் 8ஆவது கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்தவர். "உன் தளபதி பெயர் என்ன?" என்று கேட்டபோது ஒரு கூர்க்கா சிப்பாய் "சாம் பகதூர்" என்றாராம். சிப்பாய் வைத்த பெயரே அவருக்கு நிலைத்தது. அதுவே படத்தின் தலைப்பாகவும் ஆனது.

ஏப்ரல் மாதக் கூட்டம்

மேக்னா குல்சார் இயக்கத்தில் விக்கி கௌஷல் நடித்து 2023 டிசம்பர் 1ஆம் தேதி வெளிவந்த படம் அது. நடை, பேச்சு, தலையைச் சாய்க்கும் விதம் எல்லாம் அச்சு அசல். இடைவேளையில் பேரன் பாப்கார்ன் வரிசையிலேயே அந்த நடையை நடந்து காட்டினான். "பாத்தேளா தாத்தா, பிரைம் மினிஸ்டர் முன்னாடியே எப்படி முடியாதுன்னு சொல்றார்!" என்று பூரித்துப் போனான்.

அவன் சொன்ன காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 1971 மார்ச் 25ஆம் தேதி கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ அடக்குமுறை தொடங்கியது. அகதிகள் மேற்கு வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம், மேகாலயாவுக்குள் வெள்ளமாக வந்தனர். இறுதியில் அவர்கள் தொகை ஏறக்குறைய ஒரு கோடி. மானெக்ஷா பின்னாட்களில் தம் சொற்பொழிவுகளில் சொன்னபடி, ஏப்ரல் இறுதியில் மந்திரிசபைக் கூட்டத்தில் பிரதமர் இந்திரா காந்தி உடனே படையெடுக்கச் சொன்னார், தளபதி மறுத்தார். அவர் அடுக்கிய காரணங்கள் இவை. மழைக்காலம் நெருங்குகிறது, கிழக்கு வங்காளத்து ஆறுகள் கடல் போலாகும். இமயமலைக் கணவாய்களில் பனி உருகுவதால் சீனா இறங்கி வரலாம். படைகள் தேசத்தின் பல மூலைகளில் இருக்கின்றன. அவற்றை நகர்த்த ரயில் வேகன்கள் எல்லாம் வேண்டும், ஆனால் அது வடக்கே அறுவடைக் காலம். உணவு அமைச்சர் பக்ருதீன் அலி அகமதைப் பார்த்து, "பஞ்சம் வந்தால் பழி உங்கள் மேல்தான்" என்றும் சொன்னாராம்.

வேகன், அறுவடை என்று கேட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழக்கூட்டத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குக்கு அரிசி வேகன் எப்போது வரும் என்று ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் தூக்கமில்லாமல் காத்திருந்தவன் நான். ஒரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டு சேர்ப்பதே அவ்வளவு பாடு. ஒரு யுத்தத்துக்கு எவ்வளவு வேண்டும்!

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கதை நடந்த விதம் பற்றிச் சரித்திர ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஸ்ரீநாத் ராகவன், சந்திரசேகர் தாஸ்குப்தா ஆகியோர் அக்காலக் கோப்புகளை ஆராய்ந்து, பிரதமரும் அவருடைய ஆலோசகர்களும் ஏப்ரலில் உடனடி யுத்தத்தை விரும்பவில்லை, ராஜதந்திர வழியிலும் முன்னேற்பாட்டிலும் கவனம் செலுத்தினர் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, தளபதி ஒருவர் தன்னந்தனியாகப் பிரதமரைத் தடுத்து நிறுத்தினார் என்பதற்கு ஆவண பலம் குறைவு. போர் வியூகம் பற்றியும் இத்தகைய வாதம் உண்டு. கிழக்குப் பிராந்தியத்தில் தளபதி அரோராவின் கீழ் பணியாற்றிய ஜேக்கப், டாக்காவைக் குறிவைத்ததில் தமக்கிருந்த பங்கைத் தம் நூலில் வலியுறுத்தியிருக்கிறார்.

கோப்பு ஒன்று சொல்லும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒன்று சொல்வார். இரண்டையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கதை கொஞ்சம் அழகாகிக்கொண்டே போகும். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சினிமாக்காரருக்கோ அந்த அழகிய வடிவம்தான் வேண்டும். ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு பேர், ஒரு "முடியாது". இரண்டரை மணி நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

மற்ற தேசங்களில்

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி பேட்டனைப் பற்றி 1970இல் வந்த "பேட்டன்" படம் ஏழு ஆஸ்கார் பெற்றது. பிரம்மாண்டமான தேசியக் கொடியின் முன் நின்று ஜார்ஜ் ஸ்காட் கரகரத்த குரலில் பேசும் தொடக்கக் காட்சி உலகப் பிரசித்தம். உண்மையான பேட்டனுக்குக் கீச்சுக் குரல்! இன்று பேட்டன் என்றால் மக்கள் காதில் ஒலிப்பது நடிகரின் குரல்தான். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1943இல் சிசிலியில், மனநிலை குலைந்து ஆஸ்பத்திரியில் இருந்த சிப்பாய்களைப் பேட்டன் கன்னத்தில் அறைந்ததை அது மறைக்கவில்லை. தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1959க்குப் பிறகு கட்டபொம்மன் என்றால் நம் கண்முன் நிற்பது சிவாஜி கணேசன்தானே!

அதே யுத்தத்தில் பர்மா முனையில் 14ஆவது படையை நடத்தியவர் ஜெனரல் ஸ்லிம். அந்தப் படையில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள். கூர்க்காப் படையில் வளர்ந்தவராதலால் சிப்பாய்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசுவார். 1943இல் அவர் பொறுப்பேற்றபோது, காயம்பட்டு அனுப்பப்படும் ஒருவனுக்கு நோய்வாய்ப்பட்டு அனுப்பப்படுவோர் 120 பேர் என்ற நிலை. பெரும்பகுதி மலேரியா. தினமும் மெப்பக்ரின் மாத்திரை விழுங்க வேண்டும் என்று உத்தரவிட்டு, திடீர் சோதனை நடத்தினார். ஒழுங்காகக் கொடுக்காத படைப்பிரிவுகளின் அதிகாரிகள் மூவரை வேலையிலிருந்து நீக்கினார். முன்னணியில் எந்தப் பிரிவுக்காவது அரை ரேஷன் என்றால், தம் தலைமையகத்துக்கும் அரை ரேஷன்தான் என்று விதித்தார். சிப்பாய்கள் அவரை "பில் மாமா" என்றே அழைத்தார்கள்.

பேட்டனைப் போல் ஸ்லிம்முக்கு உலகறிந்த படம் ஏதும் இல்லை. மாத்திரையையும் அரை ரேஷனையும் எப்படிப் படமெடுப்பது? ஆனால் சிப்பாயின் மனத்தில் நம்பிக்கை விளைவது எங்கே என்று கேட்டால், என் ஓட்டு மாத்திரைக்குத்தான். நடையும் மீசையும் மேடைப் பேச்சும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை தளபதியைச் சிப்பாய் அடையாளம் கண்டுகொள்ள உதவுகின்றன. ஆனால் "இந்த மனிதர் தயார் செய்யாமல் என்னைச் சாகக் கொடுக்க மாட்டார்" என்ற எண்ணம் வேறு விதத்தில்தான் வரும்.

மகாபாரதத்தில் யுத்த பர்வங்களுக்கு முன்னால் உத்யோக பர்வம் என்று ஒன்று வைத்தார் வியாசர். தூது, ஆலோசனை, படை திரட்டல் எல்லாம் அதில்தான். திருவள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்தார். பாய்வதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவைக் காலமறிதலில் உவமையாகக் காட்டினார். 1971 மே முதல் நவம்பர் வரை நம் ராணுவத்துக்கு உத்யோக பர்வம்.

கழக்கூட்டமும் சினிமாவும்

சரித்திரத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட "மார்த்தாண்டவர்மா" நாவலை வைத்து 1933இல் நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் ஒரு மௌனப்படம் தயாரித்தார். நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடர, படம் சில காட்சிகளோடு நின்றுபோனது. அதே மகாராஜா 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தார். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து, 1777இல் இறக்கும்வரை அதைப் பயிற்றுவித்து "வலிய கப்பித்தான்" ஆனார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. நாகர்கோவில் போகும் அன்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நேற்றைய எதிரியிடம் பயிற்சி பெறச் சிப்பாய்கள் சம்மதித்தார்கள் என்றால், அந்த மனிதரிடம் ஏதோ இருந்திருக்க வேண்டும். அதைக் காட்ட ஒரு பிரபலமான படம் வந்ததில்லை.

சினிமா தேர்ந்தெடுக்கும், சினிமா ஒதுக்கும். 1997இல் வந்த "பார்டர்" படத்தில் லோங்கேவாலாச் சண்டையின் வீரம் முழுக்கத் தரைப்படைக்கே போனது. பொழுது விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து வந்து பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கிய ஹண்டர் விமானங்களுக்குச் சிறு இடம்தான். 2024இல் வந்த "அமரன்" படம் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றியது. 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்து அசோக சக்கரம் பெற்றவர். அவருடைய குலத்தைப் படம் காட்டவில்லையே என்று நம்மவர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். தம் மகனை இந்தியனாக, தமிழனாகக் காட்டினால் போதும் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கினார். பெற்றவர்கள் சொன்ன பிறகு நாம் சொல்ல என்ன இருக்கிறது? பெருமைப்பட வேண்டுமென்றால் வேறு வழியும் உண்டு. தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த கே. சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். எஸ். பத்மநாபன் பிறந்தது நம் திருவனந்தபுரத்தில். இவர்களைப் பற்றி நம் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சுபேதார் சொன்னது

படம் பார்த்துத் திரும்பிய மறுநாள், பேரனை எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். ராணுவத்தில் ஏ.எஸ்.சி. என்னும் சப்ளைப் பிரிவில் லாரி டிரைவராகச் சேர்ந்து, நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். என்னை "சாமி" என்பார். நானும் அவரும் ஒரே தொழில்காரர்கள் என்பது எங்கள் பழைய ஹாஸ்யம். அவர் அரிசி ஏற்றினார், நான் கணக்கெழுதினேன். அவர் வீட்டு முன்னறையில், பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட மானெக்ஷா படம் ஒன்று உண்டு.

"அப்பூப்பா, நீங்க அவரை நேர்ல பாத்திருக்கேளா?" என்று பேரன் ஆவலாகக் கேட்டான்.

"இல்ல மோனே. இந்தப் படத்துலதான்" என்று சிரித்தார்.

பிறகு சொன்னார். 1971இல் அவருக்கு 22 வயது. திரிபுராவில் டியூட்டி. அன்று ரயில் தர்மநகர் வரைதான். அகர்தலா போக வேண்டிய ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு டீசல் பீப்பாயும், பாலம் கட்டும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் அங்கிருந்து மலைச் சாலையில் லாரியில்தான் போக வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், அடைமழை. சாலை சரியும். மண்ணை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். சாலையோரமெங்கும் அகதிகள். ஜூலையில் அவருடைய தகப்பனார் காலமானார். தந்தி கைக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள் கழித்து. லீவு கேட்கவில்லை, கேட்டாலும் ஊர் வந்து சேர எல்லாம் முடிந்திருக்கும். லாரியை ஓரமாக நிறுத்தி, மழையிலேயே ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாராம்.

"எதுக்கு இவ்வளவு சாமான், எப்ப சண்டை, ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது. டிசம்பர்ல முன்னால போன பையன்கள் திரும்பி வந்து டீசல் கேட்டாங்க. என் வண்டியில இருந்தது. அதுதான் மோனே என் யுத்தம்" என்றார்.

அந்த அகர்தலாப் பக்கத்திலிருந்துதான் சகத் சிங்கின் 4ஆவது கோர் கிளம்பியது. ஆஷுகஞ்சில் மேக்னா ஆற்றின் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட, டிசம்பர் 9ஆம் தேதி முதல் எம்.ஐ. 4 ஹெலிகாப்டர்களில் சிப்பாய்களை அக்கரையில் இறக்கினார்கள். ஒரு வாரத்தில் டாக்கா. சரணடைந்து கைதானவர்கள் சுமார் 93,000 பேர். பதின்மூன்று நாள் யுத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு முன் ஏழு மாதம் தர்மநகர் சாலையில் லாரிகள் ஓடியிருக்கின்றன.

எனக்கு ஒரு குறுகுறுப்பு. ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இவரிடம் சொல்லாமல் இருப்பது சரியா? சொன்னேன். "சுபேதார் சார், ஏப்ரல்ல வேண்டாம்னு சொன்னது மானெக்ஷா மட்டும்தான்னு நிச்சயமில்லையாம். பிரதமரே அப்படி நினைச்சிருக்கலாமாம்."

அவர் கொஞ்ச நேரம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் சொன்னாங்கல்ல சாமி? ஏப்ரல்ல எங்களைத் தள்ளிவிட்டிருந்தா நான் வெறும் லாரியோட நின்னிருப்பேன். வேணாம்னு சொன்னது யாரா இருந்தாலும் சரி, அவங்க முகம் எனக்கு இதுதான்" என்றார்.

பேரன் அதன்பிறகு பேசவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "தாத்தா, அவர் அப்பா செத்துப் போனதைப் படத்துல எடுக்க மாட்டாளோ?" என்று கேட்டான். "எடுக்க மாட்டாடா. நீதான் ஞாபகம் வெச்சுக்கணும்" என்றேன்.

மறதியும் மரியாதையும்

மானெக்ஷா 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆனார். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது, ஆயுள் முழுதும் சம்பளம். ஆனால் அவருக்குச் சேர வேண்டிய முழுச் சம்பள நிலுவை 2007இல்தான் வந்து சேர்ந்தது. அரியர்ஸுக்கு நடையாய் நடந்த நம் பென்ஷன்தாரர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்! 2008 ஜூன் 27ஆம் தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். ஊட்டியில் மனைவியின் சமாதி அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஜனாதிபதியோ பிரதமரோ முப்படைத் தளபதிகளோ இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் பெரிதாக விமர்சனம் எழுந்தது. பதினைந்து ஆண்டு கழித்துத் தியேட்டரில் பதினான்கு வயதுப் பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அரசாங்கம் செய்யத் தவறியதைச் சினிமா செய்தது. அந்த விதத்தில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் கைதட்டிய பையனுக்கு, நடைக்கும் மீசைக்கும் பின்னால் இருந்ததைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. விசாரணையைப் பொறுத்துக்கொண்ட பொறுமை, எழுத்துமூலம் பொறுப்பேற்ற துணிவு, மழை ஓயக் காத்திருந்த விவேகம், முகம் தெரியாத லாரி டிரைவர்கள். இதையும் தெரிந்துகொண்டு ஒருவன் பட்டாளத்துக்குப் போனால் அவன் நல்ல அதிகாரியாவான் என்று நம்புகிறேன்.

மருமகளுக்கு நான் கொடுத்த வாக்கு? அவனிடம் ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. அவளிடம் சுபேதார் சொன்னதை முழுக்கச் சொன்னேன், தகப்பனார் தந்தி உட்பட. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்மதம் என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பேரன் இப்போது என்.டி.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் காலத்தில் விண்ணப்பமெல்லாம் கம்ப்யூட்டரில்தான். மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைக்க வழியில்லை. இருந்தாலும் நான் வைத்திருக்க மாட்டேன்.

கடைசியாக உறுப்பினர் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்களிலும் ராணுவத்திலும், விமானப்படையிலும், கப்பற்படையிலும், மருத்துவப் பிரிவிலும், கணக்குப் பிரிவிலும் பணிபுரிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். 1971ஐக் கண்ட அனைவருக்கும் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களைப் பற்றிப் படம் வரப்போவதில்லை. அடுத்த விடுமுறையில் பேரன் பேத்திகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டு பக்கமானாலும் நம் இதழுக்கு அனுப்புங்கள். படிக்க நான் காத்திருக்கிறேன்.